நெஞ்செரிவும் தேயும் பல்லும்

பிளேன்டீ குடிப்பவர்களின் பல்லில் சாயம் படிவதை மலையகத்தில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. நாக்குப் படும் உட்பக்கம் இலேசாகத் தவிட்டு நிறம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் சிலருக்கு, நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடித்தும், மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம் மட்டும் கழுவித் துடைத்த பீங்கான் போல மின்னும். அதைப் பார்த்துப் பல் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சாயம் தங்குவதற்கு நேரம் கொடுக்காமல் பல்லின் மேற்படை கரைந்துகொண்டே இருக்கும்போதும் பல் அப்படித்தான் தெரியும். அப்படிக் கரைப்பது பெரும்பாலும் வயிற்றிலிருந்து மேலேறி வரும் அமிலம்.

நெஞ்செரிவு, புளிச்ச ஏப்பம், வயிற்று உப்புசம், சாப்பிட்டது தொண்டை வரை திரும்பி வருவது, எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் ‘கேஸ்டிரைட்டிஸ்’. உண்மையில் கேஸ்டிரைட்டிஸ் என்பது இரைப்பையின் உட்சுவர் புண்ணாகி அழன்றிருப்பது. பல்லைத் தொடும் கோளாறு வேறு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்வது அதன் வேலை. அது வேளை தவறித் தளர்ந்தால் இரைப்பையில் உள்ளது மேலே வரும். இதுதான் எதுக்களிப்பு. 2006இல் மொன்றியலில் உருவான உலகளாவிய மருத்துவ வரையறை, எதுக்களிப்பு நோயோடு தொடர்புள்ளவை என்று உணவுக்குழாய்க்கு வெளியே நான்கு கோளாறுகளைச் சொன்னது: இருமல், குரல்வளை அழற்சி, ஆஸ்துமா, பல் அரிப்பு (அமிலம் பட்டுப் பல் கரைந்து தேய்வது). அதாவது வயிற்று மருத்துவர்களும் ஒத்துக்கொண்ட விடயம் இது.

நெஞ்சு எரிந்தால்தான் அமிலம் வாய்க்கு வருகிறது என்றும் இல்லை. இரவில் தூக்கத்திலேயே வந்து போய்விடும் ஆட்கள் உண்டு. காலையில் வாய் புளித்திருப்பது, குரல் கரகரப்பு, காரணம் தெரியாத வரட்டு இருமல், இவை மட்டுமே தடயமாக இருக்கும். மலைநாட்டுக் குளிரில் இருமலையும் தொண்டைக் கட்டையும் பனியின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். அதனால் எதுக்களிப்பை முதலில் கண்டுபிடிப்பது சில வேளை பல் வைத்தியராகவே இருக்கிறார்.

அமிலத்தின் கணக்கு

பல்லின் மேற்படையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். ஆனால் அதற்குள் உயிருள்ள செல் எதுவும் இல்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், போன எனாமல் மட்டும் திரும்ப வளராது.

அமிலத்தை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடும். வாயின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்கும். எனாமலுக்கு உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் படையும், ஈறு இறங்கியதால் வெளியே தெரியும் வேரும் இன்னும் மென்மையானவை. அவற்றுக்கு 6க்குச் சற்று மேலேயே ஆபத்துத் தொடங்கிவிடும். இரைப்பை அமிலத்தின் பிஎச் 1க்கும் 2க்கும் இடையில் நிற்கிறது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 5.5க்கும் 1.5க்கும் நான்கு படி வித்தியாசம் என்றால், அமிலம் பத்தாயிரம் மடங்கு செறிவு. உமிழ்நீர் கலந்து நீர்த்துப்போனாலும், வாய்க்கு வந்து சேர்வது பல் தாங்கும் எல்லையை விடப் பல மடங்கு கடுமையாகவே இருக்கும்.

சொத்தைப்பல் வேறு வகை. அங்கே கிருமி சீனியைத் தின்று அமிலம் செய்கிறது. பல்லிடுக்கிலும் குழியிலும் ஓர் இடத்தில் கறுத்து, மெத்தென்று ஓட்டை விழும். எதுக்களிப்பில் கிருமிக்கு வேலையே இல்லை. பரந்த பரப்பு முழுவதும் மழுமழுவென்று இறங்கிப்போகும். பல்லை ஒழுங்காகத் துலக்குபவருக்கும் இது வரும் என்பதுதான் பலரால் நம்ப முடியாத விடயம்.

அமிலம் தொண்டையிலிருந்து நாக்கின் மேலாக வருவதால் முதலில் படுவது மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம். பிறகு கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பு. கீழ்வரிசை முன்பற்கள் பெரும்பாலும் தப்பிக்கும். நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, நாக்கின் அடியில் ஊறும் உமிழ்நீரும் அங்கேயே தேங்கிக் காக்கிறது. தேசிக்காய், அச்சாறு, சோடா வகைகளின் புளிப்பு பெரும்பாலும் முன்பற்களின் வெளிப்பக்கத்தைத் தாக்கும். கல்வெட்டு மாதிரி மாறாத விதி இல்லை இது, ஆனால் தேய்மானம் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும்.

வீட்டிலேயே பார்க்கும் விதம்

கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டினால் உட்பக்கம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறக்க வேண்டும். இன்னொருவர் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டு, கீழிருந்து மேல் நோக்கி ஒரு படம் எடுக்கட்டும். சுத்தமான சிறு கரண்டியின் பின்பக்கத்தால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தால் படம் தெளிவாக வரும். முதலில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், ஈரப் பல் எப்போதும் நல்ல பல்லாகவே தெரியும்.

நல்ல முன்பல்லின் உட்பக்கத்தில் இரு ஓரமும் சிறு வரப்பு உயர்ந்து, நடுவில் பள்ளம் இருக்கும். அரித்த பல்லில் அந்த வரப்புகள் மழுங்கி ஒரே சமதளமாகியிருக்கும். நடுவில் மஞ்சள் ஏறி, ஈறை ஒட்டி மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு மிஞ்சியிருக்கும். ஈறோரத்தில் ஒட்டியிருக்கும் படிவு கடைசி எனாமலைக் காப்பாற்றிய அடையாளம் அது. பல்லின் நுனி கண்ணாடித் துண்டு போல நீலச் சாம்பலாக ஊடுருவித் தெரிந்தால், உள்ளே தாங்கும் படை குறைந்துவிட்டது. ரொட்டியைக் கடிக்கும்போதே நுனி சில்லாகப் பெயரும். கடைவாய்ப் பல்லின் முனைகளில் மிளகை அழுத்தி எடுத்தது போன்ற சிறு குழிகள் இருக்கும்.

வெள்ளி நிறத்தில் அடைத்த பல் யாருக்காவது இருந்தால் அதை விடத் தெளிவான சாட்சி கிடையாது. அமிலம் அடைப்பைக் கரைப்பதில்லை, சுற்றியுள்ள பல்லைத்தான் கரைக்கும். அடைப்பு குட்டித்தீவு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அடைத்தவர் சரியாக அடைக்கவில்லை என்று அவரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அவர் மேல் தவறில்லை.

வெற்றிலை போடுபவர்களுக்கு இதைப் பார்ப்பது கடினம். பாக்கு பல்லைத் தட்டையாகத் தேய்த்திருக்கும், கறை எல்லாவற்றையும் மூடியிருக்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு இருப்பதால் அமிலம் முறியும் என்றொரு பேச்சு உண்டு, அதை நம்ப வேண்டாம். சுண்ணாம்பு வாய்த்தோலைப் புண்ணாக்கும். பாக்கே புற்றுநோய் தருவது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. பல்லைக் காக்க வாயைப் பணயம் வைப்பதில் எந்தக் கணக்கும் நியாயமாகாது.

துலக்கும் நேரம்தான் முக்கியம்

வாய் புளித்தவுடன் யாருக்கும் தோன்றுவது, போய்ப் பல்லைத் துலக்குவோம் என்பதே. அதுதான் செய்யக்கூடாத காரியம். அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு சில நிமிடங்களுக்கு ஊறிய சுவர்ப் பூச்சு போல இளகிக் கிடக்கும். விட்டுவிட்டால் உமிழ்நீரில் உள்ள கல்சியமும் பொஸ்பேட்டும் அந்த இளகிய இடத்தில் திரும்பப் படிந்து கொஞ்சம் இறுகும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் இறுகவேண்டிய படை நுரையோடு துப்பலில் போய்விடும். இன்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பத்து வருடம் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே வரிசை இது. புளிப்பு மேலே வந்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிக் கொப்பளியுங்கள். அடுத்தது அப்பச்சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். ஒரு தம்ளர் தண்ணீருக்கு, ஏறக்குறைய 200 மில்லி லீற்றர், அரைத் தேக்கரண்டி. கலங்கல் தெளியும் வரை கலக்கி, ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் பல்லெல்லாம் படும்படி அலசித் துப்புங்கள், தம்ளர் தீரும் வரை. விழுங்க வேண்டாம், அதில் சோடியம் இருக்கிறது, பிரஷர் உள்ளவர்களுக்கு நல்லதல்ல. பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் பிரஷ் தொடாதீர்கள். வாய் கெட்ட மணமாக இருந்தால் விரல் நுனியில் பட்டாணி அளவு பற்பசையை எடுத்துப் பற்களில் தடவிக்கொள்ளலாம், தேய்க்க வேண்டாம்.

கடையில் கேட்கும்போது அப்பச்சோடா என்று கேளுங்கள். பேக்கிங் பவுடர் அது அல்ல; அதில் அமிலத்தூளும் மாவும் கலந்திருக்கும். சோடாவைக் காய்ந்த தூளாக பல்லில் தேய்ப்பதும், தேசிக்காய்ச் சாற்றோடு குழைத்துப் பல் வெளுக்கப் பூசுவதும் இன்னும் மோசம். தேசிக்காயின் பிஎச் 2ஐ ஒட்டியது. நுரைத்துப் பொங்கும்போது ஏதோ வேலை நடக்கிறது என்று தோன்றும். நடப்பது சோடா வீணாவதும், மிஞ்சும் புளிப்பு பல்லில் இறங்குவதும்தான்.

லயன் வீட்டின் காலைப்பொழுதில் இந்த வரிசைக்கு இடம் இருக்கிறது. இருட்டோடு எழுந்து, பல்லைத் துலக்கி, பிறகு அடுப்பு மூட்டுவது வழக்கம். இரவில் எதுக்களிப்பு உள்ளவருக்கு அது மிகத் தவறான நிமிடம்: இரவெல்லாம் அமிலத்தில் கிடந்த பல் அப்போதுதான் மிக இளகியிருக்கும். எழுந்ததும் சோடாத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, பிள்ளைகளை எழுப்பி முடிக்க அரை மணி நேரம் தானாகவே போய்விடும். அதன் பிறகு, தேத்தண்ணி குடிப்பதற்கு முன், பல் துலக்குங்கள். வேலையில் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, வரிசை மட்டுமே மாறியிருக்கிறது. மலைக்குப் போகும்போது சின்னப் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டால் கொழுந்து எடுக்கும் இடத்திலேயே கொப்பளிக்கலாம்.

பிரஷ் மென்மையான வகையாக இருக்கட்டும், பேனா பிடிப்பது போலப் பிடித்தால் அழுத்தம் குறையும். அடுப்புக்கரி, சாம்பல், உப்பு, கரடான பற்பொடி எல்லாம் எதுக்களிப்பு உள்ள வாய்க்கு மண்தாள் மாதிரி. கரியால் துலக்கிய பாட்டிக்கு எண்பது வயதிலும் பல் இருந்தது என்பார்கள். அந்தப் பாட்டிக்கு அமிலம் மேலே வராமல் இருந்திருக்கும். அமிலமும் கரியும் ஒரே வாயில் சேர்வதுதான் ஆபத்து.

பற்பசையில் புளோரைட் இருக்கிறதா என்று உறையைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 1000இலிருந்து 1500 பிபிஎம் வரை போட்டிருக்க வேண்டும். மூலிகைப் பற்பசைகளில் சிலவற்றில் புளோரைட்டே இருக்காது. உலர்வலயத்துக் கிணறுகளில் புளோரைட் கூடிப்போய்ப் பல்லில் கறை விழுவது பற்றிக் கேட்டிருப்போம். மழை கழுவும் மலைநாட்டு ஊற்றுத் தண்ணீரில் நிலைமை தலைகீழ், புளோரைட் மிகக் குறைவு. பற்பசைதான் இங்கே பெரிய ஆதாரம். துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள், தண்ணீர் விட்டு அலசினால் போட்டதெல்லாம் கழுவிப்போகும். இரவில் படுக்குமுன் செய்யும் துலக்கலில் இது மிக முக்கியம், ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, காவலுக்கு வேறு யாரும் இல்லை.

மேலே வருவதைக் குறைப்பது

கொப்பளிப்பதும் காத்திருப்பதும் சேதத்தைக் குறைக்கும். அமிலம் வருவது நிற்காவிட்டால் பல் மெதுவாகத் தேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

தோட்டத்து நாளின் அமைப்பே எதுக்களிப்புக்கு வாய்ப்பாக இருக்கிறது. காலையில் அவசரமாக ஒரு ரொட்டி, பகலில் குறைவான சாப்பாடு, பிறகு இரவு எட்டு ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை. நிறைந்த வயிறும் கிடையான உடம்பும் சேர்ந்தால் வளையத் தசைக்குத் தாங்கும் பலம் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். வேலை முடிந்து வந்ததும் பெரிய சாப்பாட்டை முடித்துவிட்டு, இரவில் கொஞ்சமாக எடுத்துக்கொள்வது பலருக்குச் சாத்தியமான வழி.

படுக்கையின் தலைப்பக்கத்தை 15இலிருந்து 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். கட்டிலென்றால் தலைப்பக்கக் கால்களின் அடியில் செங்கல் அல்லது மரக்கட்டை வைத்தால் போதும். பாயில் படுப்பவர்கள் சாக்குகளை மடித்து, இடுப்பிலிருந்து தலை வரை சீரான சரிவாக அடுக்கி, அதன் மேல் பாயை விரிக்கலாம். தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி, வயிறு அழுந்தி, நிலைமை இன்னும் கெடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பையின் பை இடப்பக்கம் இருப்பதால் அப்படிப் படுக்கும்போது அமிலம் கீழே தேங்கும், வாசல் மேலே இருக்கும். வலப்பக்கம் திரும்பினால் வாசலே அமிலத்தில் மூழ்கும்.

கொழுந்து எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் படங்கை இறுக்கி முடிவது செடி கிழிக்காமல் இருக்கவும் நனையாமல் இருக்கவும்தான். ஆனால் முடிச்சு வயிற்றின் குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு முறை குனியும்போதும் இரைப்பை பிழியப்படுகிறது. முடிச்சைக் கொஞ்சம் கீழே, இடுப்பெலும்பின் மேல் இறக்குங்கள். பகல் சாப்பாடு முடிந்த கையோடு குனிந்து புல்லு வெட்டுவதும் கவ்வாத்து வெட்டுவதும் அப்படியே. இதில் தொழிலாளியின் கையில் உள்ளது குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் நிமிர்ந்து நிற்கும் வேலை கிடைத்தால்கூடப் பெரிய உதவி.

சாப்பாட்டில் யாருக்கு எது தூண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. எண்ணெயில் பொரித்தது, கட்டச்சம்பல், வெறும் வயிற்றுத் தேத்தண்ணி, புகை, கசிப்பு இவற்றில் எதைச் சாப்பிட்ட அன்று புளித்து வருகிறது என்று இரண்டு வாரம் கவனித்தால் பிடிபடும். பிளேன்டீயைப் பல்லின் எதிரியாக்க வேண்டியதில்லை. அதன் புளிப்பு மிக மெல்லியது, தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை இழுத்து இலையில் சேர்ப்பதால் கோப்பையிலும் கொஞ்சம் இறங்கும். கெடுப்பது அதில் பிழியும் தேசிக்காயும், உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கும் சீனியும்தான். அமிலத்தால் இளகிய பல்லுக்குச் சீனி இரண்டாவது அடி. கொரக்காப்புளி போட்ட கறியைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு முடிப்பதில் பெரிய கேடில்லை. வெரளு, அம்பரெல்லா அச்சாறைப் பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டிருப்பதுதான் பல்லுக்கு ஓய்வு தராது. சாப்பாட்டுக்குப் பின் சீனியில்லாத சுவிங்கம் இருபது நிமிடம் மென்றால் உமிழ்நீர் ஊறி அமிலத்தைக் கழுவும். கிடைக்காவிட்டால் ஒரு வாய்ப் பாலும் உதவும்.

வைத்தியர் எழுதித் தரும் ஒமெப்ரசோல் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். இரைப்பையின் அமிலச் சுரப்பிகள் சாப்பாட்டுக்காக விழிக்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்கும். ரொட்டி சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். இந்த மாத்திரை அமிலத்தின் கடுமையைத்தான் குறைக்கும், மேலே வருவதை நிறுத்தாது. அதனால் சரிவும் இடைவெளியும் தொடர வேண்டும். பாமசியில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் போடுவது சரியல்ல. சப்பிச் சாப்பிடும் கேஸ் மாத்திரைகளில் சிலவற்றில் சீனி உண்டு, சப்பியதும் வாயை அலசுங்கள். ஆஸ்துமாவுக்குப் பம்ப் அடிப்பவர்களுக்கும் அதே அலசல் தேவை, அது வாயை உலர்த்தும்.

கர்ப்பிணிகளுக்கு முதல் மாதங்களில் வாந்தியும் கடைசி மாதங்களில் எதுக்களிப்பும் சேர்ந்து வரும். சோடாக் கொப்பளிப்பு அவர்களுக்கும் பாதுகாப்பானது, துப்பிவிட்டால் போதும். வாந்தி எடுத்த உடனே பல் துலக்கும் பழக்கத்தை மிட்வைப் அம்மாவிடம் சொல்லி அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் மெலிவது, கறுப்பு மலம், இரத்த வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் அது ‘கேஸ்’ என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மாரடைப்பாக இருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

பல் வைத்தியரிடம்

அரச வைத்தியசாலைகளின் பல் கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால் வலி தாங்காத கட்டத்தில்தான் போகிறோம், அப்போது பிடுங்குவதைத் தவிர வழி இருப்பதில்லை. எதுக்களிப்பு அரிப்பு வலியில்லாமலே வெகுதூரம் போகும். குளிர்ந்த தண்ணீர் கூசத் தொடங்கினாலே போக வேண்டிய நேரம்.

போனால் ‘பல் கூசுது’ என்று மட்டும் சொல்லாமல், நெஞ்செரிவு எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை தடவை, காலையில் வாய் புளிக்கிறதா, என்னென்ன மாத்திரை என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டை எடுத்துப் போங்கள். அவர் செய்யக்கூடியவை பல: செறிவான புளோரைட் பூச்சு, கூசும் இடத்துக்குப் பாதுகாப்புப் பூச்சு, தேய்ந்த பல்லைப் பல் நிறப் பொருளால் கட்டி எழுப்புவது. பெரிய அளவில் கட்ட வேண்டியிருந்தால் பேராதனைப் பல் மருத்துவ பீடத்து வைத்தியசாலைக்கு அனுப்பலாம். ஹட்டனிலிருந்து ரயிலில் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் போகும் அந்தப் பயணத்துக்கு முன் எதுக்களிப்பு அடங்கியிருக்க வேண்டும். அமிலம் வந்துகொண்டிருக்கும் வாயில் கட்டினால் கட்டியது நிற்கும், ஓரத்துப் பல் கரைந்து இடைவெளி விழும், அதில் சொத்தை நுழையும். இரவில் பல் கடிப்பவருக்குக் கொடுக்கும் உறையிலும் ஒரு சிக்கல் உண்டு: அமிலம் உறைக்குள் புகுந்தால் விடியும் வரை பல்லோடு ஒட்டிக் கிடக்கும். எதுக்களிப்பு இருப்பதை முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ப யோசிப்பார்.

இஸ்தோப்பில் எடுத்த அந்தப் படத்தை அழிக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்பக்கத்தில் மறுபடி இலேசாகத் தேயிலைச் சாயம் படியத் தொடங்கியிருந்தால், அரிப்பு அடங்கி வருகிறது.